ஹட்சுனே மிக்குவை தமிழ்ல பாட வைக்க வழி இருக்கா?

காட்பாடி கீபோர்டு:
எல்லாருக்கும் வணக்கம். நானே எழுதி டியூன் போட்ட பாட்டு கொஞ்சம் சேந்துபோச்சு, எல்லாம் பெண் குரலுக்கு போட்டது, ஆனா பாட ஆள் கெடைக்கல, காலேஜ்ல கேட்டா சினிமா பாட்டு கவர்னா ரெடி, புதுப் பாட்டுன்னா ஒதுங்கிடறாங்க. அதான் வரியும் டியூனும் குடுத்தா கம்ப்யூட்டரே பாடற சாஃப்ட்வேருங்க, வோக்கலாய்டு, உட்டாவ், சிந்தசைசர் வி எல்லாம் பாத்துகினு இருக்கேன். ஃப்ரெண்டு லேப்டாப்புல வோக்கலாய்டுல வர்ற ஹட்சுனே மிக்குங்கற பெண் குரல போட்டு "பட்டு"ன்னு அடிச்சா "பத்சு"ன்னு பாடுது, "கண்ணு" "கன்னு" ஆகுது. சுருதி அப்படியே நிக்குது, வார்த்தைதான் வேற ஊருக்கு போயிடுது. தமிழ் பாட வைக்க இன்னா பண்ணணும்? குடியாத்தம் சிரசு திருவிழா வைகாசில வருது, அதுக்குள்ள கெங்கையம்மனுக்கு ஒரு பாட்டாவது முடிக்கணும்.

குடியாத்தம் மிக்ஸிங்:
தம்பி, அது மிக்கு மேல தப்பு இல்ல. 2007ல கிரிப்டான்ங்கற ஜப்பான் கம்பெனி வெளியிட்டப்போ சாகி ஃபுஜிடான்னு ஒரு ஜப்பான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டோட குரலை ஜப்பானிய சத்தமா பதிஞ்சு வெட்டி வெச்சாங்க, யமஹாவோட வோக்கலாய்டு அந்தத் துண்டுங்கள ஒட்டித்தான் பாடுது. அதுல ல, ள, ர எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தான், பதியாத சத்தம் எங்கருந்து வரும்? 2013ல வந்த மிக்கு இங்கிலீஷ் வாய்ஸ்பேங்க்ல (பதிஞ்ச சத்தங்களோட தொகுப்பு) ல, ர தனித்தனியா கெடைக்கும், ஆனா ஜப்பான் சாயல் விடாது.
இப்போதைக்கு சிந்தசைசர் வி பாரு. ஏஐ குரலுங்கள இங்கிலீஷ், ஸ்பானிஷ்னு பாஷை மாத்தி பாட வைக்கலாம். த, ர, ற மூணும் ஸ்பானிஷ்ல நல்லா வரும், ட-வுக்கும் ழ-வுக்கும் இங்கிலீஷ் கிட்டக்க வரும். வரிய எழுத்தா அடிக்காத, ஃபோனீம்ல, அதாவது தனித்தனி சத்தத்துல எறங்கி ஒவ்வொரு நோட்டா திருத்து. ஆட்டோ பிட்ச்ச கண்டிப்பா கொறைச்சிடு, அது தானா போடற வைப்ரேட்டோ (குரல் அதிர்வு) பாப் பாட்டுக்குத்தான் சரி, அம்மன் பாட்டுல வர்ற இழுப்ப நீதான் பிட்ச் கர்வ்ல கையால வரையணும்.

ஆரணி வாய்ஸ்பேங்க்:
அண்ணன் சொன்னது அவசரத்துக்கு சரி. ஆனா எனக்கு கேட்டா, கடன் வாங்கின சத்தத்துல எவ்ளோ திருத்தினாலும் "வெளிநாட்டுப் பொண்ணு தமிழ் பாடுது"ன்னுதான் காதுல விழும். உட்டாவ் வகையில வர்ற ஓப்பன்உட்டாவ் இலவசம், அதுல சொந்தமா தமிழ் வாய்ஸ்பேங்க் கட்டலாம், நான் அதத்தான் செஞ்சுகினு இருக்கேன். பாடகியே வேணாம், சுருதி விலகாம ஒரே ஸ்வரத்துல சொல்லத் தெரிஞ்ச தங்கச்சியோ சித்தியோ போதும். ஃபேன ஆஃப் பண்ணிட்டு க, கி, கு, கெ, கொன்னு ஒவ்வொண்ணா மோனோ வேவ் ஃபைலா பதியணும். நெடிலுக்கு தனியா பதிய வேணாம், நோட்ட நீட்டினா போதும்.
வேலை வாங்கறது ஓட்டோ செட்டிங்தான், அதாவது சாம்பிள்ல எந்த சத்தம் எங்க ஆரம்பிக்குதுன்னு குறிக்கறது. "கா" பாடறப்போ க் தாளத்துக்கு கொஞ்சம் முன்னாடி வந்துடணும், ஆ தான் தாளத்து மேல விழணும், அத ஒவ்வொரு சாம்பிளுக்கும் கோடு இழுத்து காட்டணும். இதுல இரட்டை எழுத்த விட்டுடாதீங்க. "பக்கம்"னா அக்-னு நிறுத்தி ஒரு கண மௌனம் விட்டு அப்பால க வெடிக்கணும், அந்த மௌனம் இல்லன்னா "பகம்"னு கேக்கும். அதனால அக், அட், அத், அண்ணு உயிர் முன்னாடி வர்ற துண்டையும் பதிஞ்சிடுங்க.

ராணிப்பேட்டை ராகம்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு, நீ பாடு, ஏஐ-ல ஒரு பெரிய பாடகி குரலா மாத்திடு, அஞ்சு நிமிஷ வேலை.

ஆரணி வாய்ஸ்பேங்க்:
வேணாங்க, அது அவங்க சொத்து. 2024ல ஏ.ஆர்.ரஹ்மான் காலமான பாடகருங்க பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள ஏஐ-ல கொண்டுவந்தப்போ ரெண்டு குடும்பத்துகிட்டயும் அனுமதி வாங்கி பணமும் குடுத்ததா சொன்னாரு. மிக்குவுக்கும் உட்டாவ்ல வர்ற டெட்டோவுக்கும் குரல் குடுத்தவங்க இதுக்குன்னே உக்காந்து பதிஞ்சு குடுத்தவங்க. கேக்காம எடுத்த குரல்ல சாமி பாட்டு பண்ண எனக்கு மனசு வராது.

காட்பாடி கீபோர்டு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. திருவிழாப் பாட்ட சிந்தசைசர் வி-ல முடிச்சிட்டு, அப்பால தங்கச்சிய வெச்சு பேங்க் ஆரம்பிக்கறேன். அக்கா, நீங்க பதிய வெச்சிருக்கற லிஸ்ட்ட இங்கயே போட முடியுமா?

ஆரணி வாய்ஸ்பேங்க்:
ஞாயித்துக்கெழமை போடறேன் தம்பி, ங, ஞ வரிசை இன்னும் பாக்கி இருக்கு.