பாமாயில் பயோடீசலுக்கு என்ன அடிட்டிவ்?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஜெனரேட்டர். டீசலோடு 20 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலக்கணும். பயோடீசல் 200 லிட்டர் டிரம்மில் மாதக்கணக்கில் நிற்கும். சீட்டேன் (எளிதில் தீப்பற்றும் தன்மை) கூட்டும் மருந்து, உறையாமல் தடுப்பது இரண்டும் வாங்கவா?

பதில் 1: இரண்டுமே வீண் செலவு. பாமாயில் பயோடீசலின் சீட்டேன் எண் ஏற்கனவே சாதா டீசலைவிட அதிகம். அது உறையத் தொடங்கிக் கலங்குவது சுமார் 15 டிகிரியில். சிங்கப்பூரில் அந்தக் குளிர் ஏது? இங்கே எதிரி ஆக்சிஜனும் ஈரமும்தான். டிபிஎச்கியூ (TBHQ, ஆக்சிஜனால் கெடாமல் தடுக்கும் தூள்) 500 பிபிஎம், அதாவது எடையில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு போடுங்க. 200 லிட்டர் சுமார் 176 கிலோ, அதற்கு 88 கிராம். நேரே கொட்டினால் அடியில் தங்கிடும். 5 லிட்டரை வெந்நீர்த் தொட்டியில் 50 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் கரைத்து டிரம்மில் ஊற்றிக் கலக்குங்க. எண்ணெய் புதுசா இருக்கும்போதே செய்யணும். காறல் வாடை வந்தபின் போட்டுப் பயனில்லை.

பதில் 2: பித்தளை டேப், செம்புக் குழாய் இருந்தா முதலில் கழற்றுங்க அண்ணே. செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும், மருந்தும் தாங்காது.

கேள்வி கேட்டவர்: டிரம்மில் கிருமி வளராமல் கிருமிநாசினி போடவா?

பதில் 2: கிருமி வளர்வது அடியில் தேங்கும் தண்ணீரால், கிருமிநாசினி அந்தத் தண்ணீரை எடுக்காது. டிரம்மை நிரப்பியே வைங்க, அடித்தண்ணீரை வாரம் ஒருமுறை வடிங்க. பயோடீசல் பட்டால் பழைய டாங்கின் கசடு கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கும், கையில் உபரி ஃபில்டர் இருக்கட்டும்.