கலைச்சொல்: மூச்சிழுப்பா, உள்மூச்சா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கமுங்க. மூச்சை உள்ளே இழுக்கும் தசைகளுக்குச் சுமை வைத்துப் பழக்கும் 'இன்ஸ்பிரேட்டரி மசில் டிரெயினிங்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. நீங்கள் எழுதிய வரிகளை மேலே வைத்து, அவற்றின் கீழே எழுதுகிறேன்.

> 'மூச்சிழுப்புத் தசைப் பயிற்சி' என்றே வைத்துவிடலாம். மூச்சை உள்ளே இழுப்பதுதானே, நேராகப் புரிகிறது.

எழுத்தில் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரோட்டுப் பக்கம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை தருகிறவள் என்ற முறையில் இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்களில் 'இழுப்பு' நோயின் பெயர். "மார்கழி பொறந்தா அப்பனுக்கு இழுப்பு வந்துருமுங்க" என்பார்கள். வீசிங்கைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் வலிப்பையும் சில வீடுகளில் இழுப்பு என்பதுண்டு. 'மூச்சிழுப்புப் பயிற்சி' என்று அச்சடித்த தாளை ஒரு பெரியவர் கையில் கொடுத்தால், எதற்கு வைத்தியம் தேடி வந்தாரோ அதையே பழகச் சொன்னது போல ஆகிவிடும். 'மூச்சு வாங்கு தசை' என்ற பரிந்துரைக்கும் இதே கதிதான். "நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க" என்பது அவர்கள் வந்ததும் சொல்லும் முதல் குறை. "மூச்சை உள்ள இழுங்க" என்று வாயால் சொல்லும்போது யாருக்கும் குழப்பமில்லை. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் நோய் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே 'உள்மூச்சு'. குழுவில் நாமக்கல் ஐயா, புணர்ச்சிப்படி 'உண்மூச்சு' என்றுதான் வரவேண்டும் என்கிறார். நாள், மீன் சேர்ந்து நாண்மீன் ஆவது போல, விதி அவர் சொல்வதுதான். ஆனால் உள்மனம், உள்நாடு என்று எழுதி நமக்குப் பழகிவிட்டது, 'உண்' என்று காதில் விழுந்தால் நினைப்பு சாப்பாட்டுக்குப் போகும். உள்மூச்சாகவே இருக்கட்டுங்க ஐயா.

> 'மூச்சுப் பயிற்சி' ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் ஒருவர் மூக்கை மாற்றி மாற்றி அடைத்துப் பிராணாயாமம் செய்கிறார். இன்னொருவர் எப்போதோ ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்று பந்து டப்பாவைத் தேடி எடுக்கிறார். இருவருமே "தெனமும் பண்றனுங்களே" என்று உண்மையாகத்தான் சொல்கிறார்கள். படுத்தே கிடந்ததில் சுருங்கிப்போன நுரையீரலை விரிக்கத்தான் அந்தப் பந்து டப்பா. தசைக்கு அளந்து வைத்த சுமை அதில் கிடையாது. 'பூரகப் பயிற்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பூரகம் பிராணாயாமத்தில் மூச்சை உள்ளே இழுப்பது. அது என்றாலே பின்னால் மூச்சை அடக்கி வைக்கும் கும்பகம் வரும். மூச்சுத் திணறலோடு இருப்பவரை நெடுநேரம் தம் கட்ட வைக்கும் எந்தச் சொல்லும் இங்கே வேண்டாம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பீடியாலும் விறகடுப்புப் புகையாலும் காற்றுக்குழாய் குறுகியவருக்கு, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது. நூல் மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பஞ்சுத்தூசிக்குள் வேலை பார்த்தவர்களும் இப்படி வருகிறார்கள். நுரையீரல் உப்பி, மேல்நோக்கிக் கவிந்திருக்க வேண்டிய உதரவிதானத்தை, அதாவது நுரையீரலுக்கு அடியில் இருக்கும் முக்கிய மூச்சுத் தசையை, கீழே தள்ளித் தட்டையாக்குகிறது. தட்டையான தசைக்கு இழுக்கும் பலம் குறைவு. கழுத்துத் தசையும் தோளும் அந்த வேலைக்கு வந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்குக் கொடுக்கும் கருவி கையடக்கமான ஒரு குழாய். உள்ளே ஸ்பிரிங் பிடித்து நிற்கும் ஒரு வால்வு. நாங்கள் வைத்திருப்பதில் 9 முதல் 41 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை திருகி வைக்கலாம் (உறிஞ்சும் பலத்தை இந்த அலகில்தான் அளக்கிறோம்). மூக்கில் கவ்வியை மாட்டி, உதட்டை இறுக்கி உறிஞ்ச வேண்டும். வைத்த அளவை எட்டாதவரை வால்வு அசையாது, பொட்டுக் காற்று வராது. மூச்சை வெளியே விடும்போது தடையே இல்லை. பவானியிலிருந்து வந்த ஒரு விவசாயி முதல் நாளே கேட்டார்: "நம்ம கெணத்து புட்வால்வு மாதிரிங்களா கண்ணு? உறிஞ்சுனாத்தான் தொறக்கும்." மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் வால்வைச் சொல்கிறார். நான் அரை மணி நேரம் விளக்க வேண்டியதை அவர் ஒரே வரியில் முடித்தார். அந்தத் 'தொறக்கும்' என்பதை வைத்தே வால்வு விலகும் அளவுக்குத் 'திறப்பழுத்தம்' என்று முன்மொழிகிறேன்.

ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு உறிஞ்ச முடியும் என்று முதலில் அளக்கிறோம். அது 'உச்ச உள்மூச்சு அழுத்தம்'. அதில் குறைந்தது 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். உச்சம் 50 சென்டிமீட்டர் இருந்தால் 15இல் தொடங்குவோம். தசை பழகப் பழகக் கூட்டிக்கொண்டே போவோம். சுமையை அளந்து ஏற்றுவதுதான் இதன் உயிர் என்பதால் 'பளு' என்ற சொல் பெயருக்குள் கட்டாயம் வேண்டும். பளு தூக்குதல் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'தடைப் பயிற்சி' என்றால் மறுபடி அடைப்பு, மறுபடி நோய்.

> 'மூச்சு வலுவூட்டல்' என்றால் நோயாளிக்கு நம்பிக்கை வரும்.

வரும். ஆனால் கொடுக்க முடியாததைப் பெயரிலேயே வாக்களிக்கக் கூடாது. இந்தப் பயிற்சியால் தசையின் பலம் கூடுகிறது, அதில் சந்தேகமில்லை. நடை, சைக்கிள், கை கால் பயிற்சி எல்லாம் சேர்ந்த முழு நுரையீரல் மறுவாழ்வுத் திட்டத்தில் இருப்பவருக்கு இதையும் சேர்த்தால், நடக்கும் தூரமோ திணறலோ பெரிதாக மாறுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இதை மட்டும் தனியாகச் செய்பவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிகிறது. உச்ச உள்மூச்சு அழுத்தம் 60 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கும், நடைப்பயிற்சிக்கே முடியாதவர்களுக்கும் நான் இதை முதலில் யோசிப்பேன். நடக்க முடிந்தவர் குழாயை நம்பி நடையை விட்டுவிடக் கூடாது.

('மறுவாழ்வு' என்று போர்டு வைத்தால் குடி நிறுத்தும் இடமா என்று கேட்கிறார்கள். அதைத் தனி இழையில் பேசலாம்.)

1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். நூறாண்டு கழிந்தும் மருத்துவமனைத் தாளில் பாதி ஆங்கிலத்தில் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் முடிவு 'உள்மூச்சுப் பளுப்பயிற்சி'. இருமிச் சளி வெளியேற்ற முடியாதவர்களுக்கு வெளிவிடும் தசைகளைப் பழக்குவது, இதே வழியில் 'வெளிமூச்சுப் பளுப்பயிற்சி' ஆகிவிடும். 'பளு' பலமற்றவரைப் பயமுறுத்தும் என்று குழுவில் கோபி அம்மா எழுதியது மட்டும் இன்னும் மனதில் இருக்கிறது. அவர் வேறு சொல் சொன்னால் கேட்கக் காத்திருக்கிறேன். நோயாளிகளுக்கான தாள் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் எழுதுங்கள்.