2 ஜிபி போர்டு மட்டும் ஏன் கவிழ்ந்தது?

கர்னல்கிறுக்கன்:
மெமரி ரேஞ்ச் பிழை, அதாவது ரேமில் ஒரு துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கில் வரும் தப்பு, பற்றிப் பேச்சு வந்ததும் எனக்கு ஞாபகம் வருவது லினக்ஸ் ஓடும் ஒரு 32 பிட் ஆர்ம் (மொபைல்களில் வரும் பிராசசர் வகை) போர்டு. 1 ஜிபி மாடல் வாரக்கணக்கில் ஓடும். 2 ஜிபி மாடல் கேமராவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஊப்ஸ் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் காட்டும் பிழைச் செய்தி) அடித்துக் கவிழும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில். ரேம் சிப்தான் கோளாறு என்று எல்லோரும் ஹார்டுவேர் ஆட்களைக் கை காட்டினார்கள். பாவம் அவர்கள், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் புரோகிராம்) ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பிழையும் இல்லை.

கேமரா பஃபர் (படங்கள் வந்து விழும் இடம்) இருந்தது ரேமின் கடைசித் துண்டில். அதை பூட் ஆகும்போதே ஒதுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கர்னல் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். கர்னலின் கமாண்ட் லைனில் ‘மெம்பிளாக்=டீபக்’ சேர்த்து பூட் செய்தேன்; மெம்பிளாக்தான் பூட் ஆகும்போது ரேமை ஒதுக்கும் பகுதி. ஒதுக்கிய ரேஞ்செல்லாம் வரிசையாக வந்தது, கேமராவுடையதைத் தவிர. எச்சரிக்கை என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த போர்டில் ரேம் தொடங்குவதே 2 ஜிபி முகவரியில். 2 ஜிபி ரேம் போட்டால் முடிவு மிகச் சரியாக 4 ஜிபி. 32 பிட்டில் அந்த எண் அடங்காது, சுற்றிக்கொண்டு 0 ஆகிவிடும். சிப் கம்பெனி சேர்த்திருந்த புரோகிராம் கோடு, மெம்பிளாக்கைக் கூப்பிடும் முன் ‘முடிவு தொடக்கத்தைவிடப் பெரிதா’ என்று பார்த்தது. 0 எப்படிப் பெரிதாகும்? காலி ரேஞ்ச் என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டது.

‘தொடக்கம் + அளவு − 1’ என்று கடைசி பைட்டை வைத்து ஒப்பிட்டதும் சரியாகிவிட்டது. லினக்ஸின் ஆர்ம் கோடு இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: 4 ஜிபியைத் தொடும் ரேஞ்சில் கடைசி 4 கேபி பக்கத்தையே (பேஜ், ரேமைப் பிரிக்கும் அலகு) விட்டுக்கொடுத்துவிடும். வரப்புத் தகராறு வேண்டாம் என்று ஒரு அடி உள்ளே தள்ளி வேலி போடுகிற மாதிரி. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. என் திருத்தம் ஒரு இடத்தை மட்டும்தான் காப்பாற்றும். பின்னால் வேறு யார் கூட்டிப் பார்த்தாலும் லினக்ஸின் வழி தாங்கும்.

பூட்லோடர்பையன்:
அண்ணே, எனக்கு இதே மாதிரிப் பிழை ரவுண்டிங்கில் வந்தது. நான் பார்த்துக்கொள்ளும் காலேஜ் பசங்க சொந்தமாக ஒரு கர்னல் எழுதினார்கள். பயாஸ் (பிசியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) கொடுக்கும் இ820 என்கிற ரேம் பட்டியலில் முதல் ரேஞ்ச் 639 கேபியோடு முடிகிறது; அதற்கு அடுத்த 1 கேபி பயாஸுக்குச் சொந்தம். அவர்கள் முடிவை 4 கேபி பக்கத்துக்கு மேல்நோக்கி ரவுண்ட் செய்து 640 ஆக்கிவிட்டார்கள். ஒரு பழைய லேப்டாப்பில் ஏசிபிஐ டேபிளுக்கான (ஹார்டுவேர், பவர் விவரங்கள் இருப்பது) சுட்டி அந்த 1 கேபிக்குள்தான் இருந்திருக்கிறது. அழிந்தே போச்சு! பயன்படுத்துகிற ரேஞ்சை உள்பக்கம் சுருக்கணும் (இங்கே 636), ஒதுக்குகிற ரேஞ்சை வெளிப்பக்கம் விரிக்கணும். கியூஎமுவில் (பிசியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஒரு தொந்தரவும் தெரியாததால் கடைசிவரை நம்ப மறுத்தார்கள்.

புதுசு:
பூட் ஆன பிறகு ‘/ப்ராக்/ஐஓமெம்’ (லினக்ஸ் முகவரி ரேஞ்சுகளைக் காட்டும் ஃபைல்) பார்த்தாலே இதெல்லாம் தெரியாதா?

கர்னல்கிறுக்கன்:
எல்லாம் தெரியாது தம்பி, ரேம் ரேஞ்சுகள் தெரியும். அதில் வரும் முடிவு எண் கடைசி பைட், அதாவது ரேஞ்சுக்குள்ளேயே சேர்ந்தது. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) பாருங்க, இல்லையென்றால் முகவரியெல்லாம் வெறும் 0 ஆகத்தான் தெரியும்.