மேப்பிள் நிழலில் வெள்ளை ட்ரில்லியம்

கேள்வி:
வணக்கம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பெரிய நோர்வே மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ் புல்கூட ஒழுங்காக வளர்வதில்லை. 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலராக இருக்கும் வெள்ளை ட்ரில்லியத்தை அங்கு வளர்க்க விரும்புகிறேன். நிழற்செடிதானே, அந்த இடம் அதற்குப் பொருந்துமா? விதை போடுவதா, கிழங்கு வாங்கி நடுவதா?

பதில் 1:
நிழற்செடி என்று சொன்னாலும், மரங்கள் முழுமையாக இலை விடுவதற்கு முன் வசந்தத்தில் கிடைக்கும் வெயிலை நம்பியே அது பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் கிழங்கில் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரை மேப்பிளும் பீச் மரமும் நிற்கும் காடுகளே அதன் சொந்த இடம். நோர்வே மேப்பிளின் நிழல் மிக அடர்த்தியானது. வேர்களும் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே அடிமரத்தை ஒட்டி நடாமல், கிளை விளிம்புக்கு வெளியே காலை வெயில் படும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். உதிரும் சருகுகளைப் பையில் கட்டி வீதியோரம் வைக்காமல், நொறுக்கி அங்கேயே பரப்புங்கள்.

பதில் 2:
விதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காய்ந்தால் முளைப்புத்திறன் குன்றும். ஈரமாகவே விதைத்தாலும் முதற்குளிர் கழிந்து வேர் மட்டும் இறங்கும், இரண்டாம் குளிர் கழிந்த பின்னரே இலை தலைகாட்டும், பூப்பதற்கோ ஏழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். காட்டில் இவ்வேலையை எறும்புகள் செய்கின்றன: விதையில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காக அதைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றபின் விதையை விட்டுவிடுகின்றன. கிழங்கை இலையுதிர்காலத்தில், ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில், முளை மேல்நோக்கி இருக்குமாறு நடுங்கள். காட்டில் தோண்டி விற்பவர்களும் உண்டு என்பதால், நாற்றுப்பண்ணையிலேயே வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். இதழில் பச்சைக் கோடுகள் உள்ள செடி அழகாகத் தோன்றினாலும், அது ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் நோயின் அறிகுறியாகும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பூவைப் பறித்தால் செடி இறந்துவிடும், பறிப்பதே குற்றம் என்றும் சொல்கிறார்களே?

பதில் 1:
மாகாணப் பூங்காக்களில் பறிக்கக்கூடாது. உங்கள் வளவில் அத்தடை இல்லை. பூவை மட்டும் கிள்ளினால் செடி பிழைத்துக்கொள்ளும். ஆனால் காம்போடு பறிக்கும்போது பூவுக்குக் கீழுள்ள மூன்று இலைகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன; உணவு தயாரிக்க அதற்கு வேறு இலை இல்லாததால், பல ஆண்டுகள் பூக்காமல் நலிந்துபோகும், சில வேளை பட்டும்போகும். கோடை இறுதியில் இலைகள் தாமாகவே மஞ்சளாகி மடிவது இயல்பு. அப்போது செடி போய்விட்டதென்று எண்ணி அவ்விடத்தைக் கொத்திவிடாதிருக்க, நடும்போதே ஒரு குச்சியை அடையாளமாக ஊன்றிவையுங்கள்.