சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் புறப்படுகிறது: நெடுஞ்சாலையில் நிற்கிறோம், உதவி தேவை

கரூர் வழிப்போக்கன் | சனி, காலை 9.38

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாட்களுக்கு முன் வாங்கிய பழைய வண்டியை ஊருக்கு ஓட்டிக்கொண்டு வருகிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் காத்திருந்தால் எதுவும் நடக்காதது போலப் புறப்படுகிறது. நேற்றிலிருந்து இது நான்காவது முறை. பேட்டரி புதியது, பெட்ரோலும் பாதித் தொட்டிக்கு மேல் இருக்கிறது. கைப்பேசியில் சார்ஜ் குறைந்துகொண்டே வருகிறது. தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

நான்காம் கியர் | 9.44

என்ன வண்டி, எந்த ஆண்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று மூன்றையும் சொல்லவில்லையே. கார்ப்பரேட்டர் வண்டியா, இன்ஜெக்ஷன் வண்டியா என்பதாவது தெரிந்தால்தான் பேச முடியும்.

பர்லியாறு | 9.47

எந்த வண்டியாக இருந்தாலும் இது வேப்பர் லாக்தான், ஐயமே வேண்டாம். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுமே தவிர ஆவியைத் தள்ளாது. எங்கள் வீட்டு அம்பாசிடர் கோடையில் குன்னூர் மலை ஏறும்போதெல்லாம் பர்லியாற்றில் நிற்கும். என் தந்தை ஒரு கோணித் துணியை நனைத்து ஏசி பம்பின் மேல் போடுவார், பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கரூர் வழிப்போக்கன் | 9.50

இந்த வண்டியில் ஏசி கிடையாது, ஐயா.

பட்டறைவாசி | 9.53

நண்பரே, ஏசி பம்ப் என்பது இன்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் பம்ப். பழைய பட்டறைப் பெயர், குளிரூட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை விடுங்கள். எனக்கு ஒரே ஒரு விடை வேண்டும். வண்டி எப்படி நிற்கிறது? மூச்சு வாங்குவது போலத் திணறித் திணறி, வேகம் குறைந்து நிற்கிறதா, அல்லது சாவியைத் திருப்பி அணைத்தது போல நிற்கிறதா? நிற்பதற்கு முன் சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்கிறதா?

மூத்த ஓட்டுநர் | 10.02

இங்கே பல ஆண்டுகளாக எழுதிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியை வாங்கிய பின் நடுச்சாலையில் நின்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய வண்டியை நேரில் பார்த்து, ஒரு நாள் முழுவதும் அதே ஊரில் ஓட்டி, ஆயில், பிரேக், டயர், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றை மாற்றிய பிறகே நெடும்பயணத்தை நினைக்க வேண்டும். இல்லையென்றால் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். தம்பி, முதலில் வண்டியின் விவரத்தை முழுமையாக எழுதுங்கள். அரைகுறைத் தகவலுக்கு அரைகுறை விடைதான் கிடைக்கும்.

கரூர் வழிப்போக்கன் | 10.11

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். வண்டி பிரீமியர் பத்மினி, 1991 மாடல், பெட்ரோல். புனேயில் வாங்கினேன். கரூருக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். நான் ஓட்டக் கற்றுக்கொண்டது ஸ்டீயரிங் கம்பியில் கியர் உள்ள இந்த வண்டியில்தான். விளம்பரத்தில் படத்தைப் பார்த்த இரவே முன்பணம் அனுப்பிவிட்டேன். அக்கா மகனும் நானும் பேருந்தில் போய், பணத்தைக் கொடுத்துவிட்டு மறுநாளே புறப்பட்டோம்.

நேற்றுக் காலை புனேயிலிருந்து கிளம்பி, கம்பாட்கி மலைப்பாதையைச் சிரமமின்றி ஏறினோம். நான்கு மணி நேரம் ஓடிய பிறகு கோலாப்பூர் அருகே முதல்முறை நின்றது. அதன் பின் அடிக்கடி தேநீருக்கு நிறுத்தியதால் தொல்லை தெரியவில்லை. இரவு ஹூப்ளியில் தங்கினோம். இன்று ஐந்து மணிக்குக் கிளம்பி, ஹாவேரி தாண்டி ஆறே முக்காலுக்கு நின்றது. அடுத்து ஒரு மணி நேரத்தில் ஹரிஹர் அருகே நின்றது. அதற்கடுத்து நாற்பது நிமிடத்தில், தாவணகெரே தாண்டிய பின், இப்போது நிற்கும் இந்த இடத்தில் நின்றது. சித்ரதுர்காவுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது.

பட்டறைவாசி ஐயா கேட்டது: இரண்டு மூன்று முறை குலுங்குகிறது, சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கிறது, உடனே நின்றுவிடுகிறது. பர்லியாறு ஐயா சொன்னபடி பக்கத்து தாபாவில் தண்ணீர் வாங்கி வந்து பம்பின் மேல் ஈரத்துணி போட்டேன், இப்போது புறப்படுகிறது. அப்படியானால் அதுதான் காரணமா?

பர்லியாறு | 10.15

பார்த்தீர்களா. துணியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு புட்டித் தண்ணீரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நனைத்தால் ஊர் வரை போய்விடலாம்.

பட்டறைவாசி | 10.29

பர்லியாறு அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மலை ஏறும் வண்டியில், உச்சிவெயிலில் அது உண்மை. ஆனால் இந்த வண்டி சொல்லும் கதை வேறு.

இன்று முதலில் நின்றது காலை ஆறே முக்காலுக்கு, சமவெளியில், குளிர்ந்த காற்றில். வேப்பர் லாக் என்றால் நேற்று கம்பாட்கி ஏற்றத்திலோ பிற்பகல் வெயிலிலோ அடிக்கடி வந்திருக்க வேண்டும், விடியற்காலையில் குறைந்திருக்க வேண்டும். இங்கே வெயில் எப்படி இருந்தாலும் இடைவெளி மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது: நான்கு மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம், நாற்பது நிமிடம். ஏதோ ஒரு பாகம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. சைலன்சரில் வெடிப்பதும் பெட்ரோல் வராததன் அடையாளம் அல்ல. பெட்ரோல் வருகிறது, தீப்பொறி தவறுகிறது, எரியாத கலவை சைலன்சருக்குள் போய் அங்கே எரிகிறது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், அதாவது நம் மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்வதில், மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டை ஒட்டி விரல்நுனி அளவில் ஒரு கண்டென்சர் இருக்கிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயாமல் தடுத்து, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் காந்தப்புலம் ஒரே வீச்சில் சரியச் செய்வது அதன் வேலை. அப்படிச் சரிந்தால்தான் பிளக்கில் பொறி வலுவாக வரும். கண்டென்சரின் உள் காப்பு பழசாகிவிட்டால் சூட்டில் கசியும், ஆறினால் மீண்டும் பிடிக்கும். காயிலும் இதே போலச் சூட்டில் கெடுவதுண்டு. ஆனால் வெடிச் சத்தத்தோடு குலுங்கி நிற்பதால் நான் முதலில் கண்டென்சரைத்தான் பார்ப்பேன்.

ஈரத்துணி பலித்ததாகத் தோன்றுவதன் காரணமும் இதில் இருக்கிறது. தாபாவுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆனது? இருபது நிமிடமா, இருபத்தைந்தா? அந்த நேரத்தில் பம்ப், கண்டென்சர், காயில் மூன்றும் சேர்ந்துதான் ஆறின. எது குற்றவாளியாக இருந்தாலும் காத்திருந்தால் வண்டி கிளம்பும். ஆகவே ஆறிய வண்டியை எத்தனை முறை சோதித்தாலும் எதுவும் தெரியாது. அடுத்த முறை நின்றவுடன், முதல் இரண்டு நிமிடத்திற்குள், சூடாக இருக்கும்போதே பாருங்கள்.

டெல்கோ மூடியின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜினின் இரும்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மருமகனை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. காய்ந்த மரக்கட்டையோ நல்ல பிளாஸ்டிக் பிடியுள்ள குறடோ வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். நீல நிறத்தில் 'டக் டக்' என்று தாவினால் மின்பக்கம் சரி, பர்லியாறு சொன்னதே உண்மை. மஞ்சளாக, மெலிதாக வந்தாலோ வராமலே போனாலோ பெட்ரோல் பக்கம் போகவே தேவையில்லை.

இன்னொன்று. நிற்கும்போது சாவியை ஆன் நிலையில் விட்டுவைக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயிலுக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து அதுவும் வெந்துபோகும்.

நான்காம் கியர் | 10.34

அதோடு பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளிழுக்கும் 'உஸ்' சத்தம் கேட்டால் மூடியின் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு நொடி வேலை.

தேன்கனிக்கோட்டை | 10.41

எல்லோரும் அடிப்படையான ஒன்றை மறக்கிறீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1991 வண்டியின் ரப்பர் குழாயும் பம்பின் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஊதிப்போகும். தொட்டியில் முப்பது ஆண்டுகளாகப் படிந்த கசடையெல்லாம் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். வண்டி நிற்கத்தான் செய்யும்.

நான்காம் கியர் | 10.48

ரப்பரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடைத்த ஃபில்டர் அரை மணி நேரம் காத்திருந்தால் இத்தனை ஒழுங்காகச் சரியாகிவிடுமா? எத்தனாலால் கார்ப்பரேட்டர் வண்டிக்கு வரும் பெரிய தொல்லை கலவை மெலிவதுதான். பெட்ரோல் ஒரு பங்கு எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இன்ஜெக்ஷன் வண்டி இதை உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும். பத்மினியின் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளையின் அளவு மாறாது. அதனால் எரிபொருள் குறைந்து, இன்ஜின் சற்றுக் கூடுதலாகச் சூடாகும்.

தேன்கனிக்கோட்டை | 10.52

அப்படியானால் சூட்டுக்குக் காரணம் எத்தனால் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்காமல் இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டுவதே தவறு என்று நான் முன்பிருந்தே சொல்லிவருகிறேன்.

நான்காம் கியர் | 10.58

தவறு என்று சொல்ல மாட்டேன். என்னிடம் இருக்கும் பத்மினி ஜெட்டை மாற்றாமல் அதே பெட்ரோலில்தான் ஓடுகிறது. ஏற்றத்தில் சற்றுத் தளர்கிறது, மைலேஜ் குறைந்திருக்கிறது, ஆனால் நின்றதில்லை. குழாய்களை மட்டும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். எல்லாரும் செய்ய வேண்டியது அதுதான்.

மூத்த ஓட்டுநர் | 11.10

எத்தனால் விவாதத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். தம்பி, மும்பையின் கடைசி பத்மினி டாக்சியே 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. உதிரி பாகம் நினைத்த இடத்தில் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு யாரும் இந்த வண்டியில் கிளம்பக் கூடாது. காகிதங்களையும் பார்த்தீர்களா? மகாராஷ்டிரத்துப் பதிவு என்றால் வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், பன்னிரண்டு மாதத்திற்குள் நம் மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். வழியில் சோதனையில் பிடிபட்டால் கண்டென்சர் காப்பாற்றாது.

பட்டறைவாசி | 11.16

காகிதத்தைப் பற்றி மூத்தவர் சொல்வது முற்றிலும் சரி. உதிரி பாகத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். கண்டென்சர் பத்மினிக்கே உரியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாயிண்ட் உள்ள பழைய பெட்ரோல் அம்பாசிடரின் கண்டென்சர் கிடைத்தாலும் ஊர் வரை போதும், இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு மின்தேக்குத்திறன் கொண்டவை. டெல்கோவுக்குள் பொருந்தாவிட்டால் வெளியே கட்டுங்கள். அதன் ஒயரைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் இணைத்து, உடம்பை இன்ஜினின் சுத்தமான இரும்பில் போல்ட்டால் இறுக்க வேண்டும். பழைய கண்டென்சரின் ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள். அது உள்ளே இணைந்தே இருந்தால் கசிவு தொடரும். பாயிண்ட் தீய்ந்து கருத்திருந்தால் அதையும் மாற்றி, இடைவெளியை 0.45 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள்.

கரூர் வழிப்போக்கன் | 11.49

மறுபடியும் நின்றது, இம்முறை இருபது நிமிடத்தில். உடனே பார்த்தோம். தொட்டி மூடியில் சத்தம் இல்லை. பொறி மஞ்சளாக, மிக மெலிதாக, விட்டு விட்டு வருகிறது. சித்ரதுர்கா பத்து கிலோமீட்டர். சார்ஜ் 4 விழுக்காடு.

பர்லியாறு | 12.05

அப்படியென்றால் என் கணிப்பு தவறு. மஞ்சள் பொறிக்கு ஈரத்துணி உதவாது. பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

நான்காம் கியர் | மாலை 6.20

ஏதேனும் செய்தி உண்டா?

மூத்த ஓட்டுநர் | இரவு 9.15

தம்பி, எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். இரவில் ஓட்டாதீர்கள். அந்த வண்டியின் முகப்பு விளக்கு இன்றைய நெடுஞ்சாலைக்குப் போதாது. சேலத்துக்கு முன் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. அங்கே பகலில், கீழ்க் கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் இறங்குங்கள். பழைய டிரம் பிரேக் சூடானால் பிடிக்காது.

கரூர் வழிப்போக்கன் | ஞாயிறு, பிற்பகல் 3.32

கரூர் வந்து சேர்ந்துவிட்டோம். சித்ரதுர்காவில் ஒரு வயதான மெக்கானிக் பாயிண்டும் அம்பாசிடர் கண்டென்சரும் போட்டுக்கொடுத்தார். அதன் பின் எங்குமே நிற்கவில்லை. இரவு ஓசூரில் தங்கினோம். தொப்பூரை மூத்தவர் சொன்னபடி இரண்டாம் கியரில் இறங்கினோம். பிரேக் பிடித்தால் மட்டும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. தடையில்லாச் சான்றுக்கு விற்றவர் விண்ணப்பித்திருக்கிறார். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பட்டறைவாசி | 4.05

இடப்பக்கம் இழுக்கிறது என்றால் வலப்பக்க முன்சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. டிரம்மைக் கழற்றி, சக்கர சிலிண்டரில் ஆயில் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.