காரைக்குடியைச் சுற்றி ஒருநாள் பயணம்: போய் வந்தவர்களின் குறிப்புகள்

காரைக்குடியிலிருந்து

விடுமுறை என்றால் நம் ஊர் வண்டிகள் கொடைக்கானல் பக்கமே திரும்புகின்றன. கண்மாய், பாறைக்குன்று, அலையடிக்காத கடல் மூன்றும் இங்கிருந்து 2 மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. மாதமும் நேரமும் பார்த்துப் போகாதவர்கள்தான் "அங்கே ஒன்றுமில்லை" என்று திரும்பி வருகிறார்கள். கார்த்திகையில் கரை தொட்டு நிற்கும் கண்மாய் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். காலை 7 மணிக்குச் சுகமாக ஏறும் பாறையில் 11 மணிக்குக் கால் வைக்க முடியாது.

உதாரணம் திருமயம். புதுக்கோட்டை சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே பீரங்கி மேடையில் நின்றால் சுற்றிலும் கண்மாய்களும் பொட்டலும் தெரியும். கோட்டை திறந்ததும் முதல் ஆளாக ஏறிவிட வேண்டும். அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், அதனால் பையில் ஒரு ஜோடி தடித்த காலுறை இருக்கட்டும்.

சாலையைப் பற்றி இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் மறுகால் பாய்ந்தால் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். ஓரக்கல் முழுகியிருந்தால் வண்டியை இறக்கவே கூடாது. தண்ணீருக்கு அடியில் தார் அரித்துப் போயிருப்பது மேலே தெரியாது. அறுவடை முடிந்த தை, மாசியில் கிராமச் சாலையில் பாதிக்கு நெல் காயும். நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள், இருட்டியபின் அந்தக் கல்தான் ஆபத்து. அந்த மாதங்களில் பொழுது சாய்வதற்குள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள்.

அவரவர் நன்றாக அறிந்த இடத்தை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையில் கொள்ளுகுடிப்பட்டி என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள். 1977-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38 ஹெக்டேர் சொச்சம். பறவைகள் மிரளக் கூடாது என்று இந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. அதனால் ஊருக்குள் நுழையும்போதே ஹாரனை மறந்துவிடுங்கள்.

கார்த்திகை பாதியிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஆனால் போகும் முன் கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நரியும் காட்டுப்பூனையும் கூட்டை அண்டாது. மழை பொய்த்த வருடம் பறவை வந்தாலும் தங்காது.

காலை 6 மணிக்குக் கரையில் இருந்தால் இரைக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல், திரும்பி வரும் நேரம். இடைப்பட்ட வெயிலில் குஞ்சுக்கு இறக்கையை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும் தாய்ப்பறவைகளே அதிகம். நத்தைகுத்தி நாரையை எளிதில் அடையாளம் காணலாம்: அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். வழுக்குகிற நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவ அந்த அலகுதான் கருவி. வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், சாம்பல் நாரை எல்லாம் அதே மரங்களில் அடுக்கடுக்காக இருக்கும்.

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் வில்லை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கை தட்டிப் பறவையை எழுப்பிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தாய் எழுந்து போகும் அந்த ஒரு நிமிடத்தில் காகம் முட்டையைக் கொத்திவிடும்.

அப்படியே மேலூர் வரை போகிறவர்களுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சமணர் படுக்கை, தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் ஒரே மலைத்தொடரில். லகர் வல்லூறு என்னும் வேட்டைப்பறவை இருக்கும் இடம். அது கூடு வைப்பது செங்குத்துப் பாறையில், அதனால் பாறை ஏறும் விளையாட்டு அங்கே வேண்டாம்.

சிங்கம்புணரியிலிருந்து

பிரான்மலைக்கு வருகிறவர்கள் செய்யும் ஒரே தவறு தாமதமாகத் தொடங்குவது. மலை சுமார் 2500 அடி. பாரியின் பறம்புமலை இதுதான் என்பதால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அடிவாரத்துக் கொடுங்குன்றநாதர் கோயிலில் சாவகாசமாகக் கும்பிட்டு, டீ குடித்து, 9 மணிக்கு ஏறத் தொடங்குவார்கள். பாதியில் வெயில் பிடித்துக்கொள்ளும். முறையை மாற்றுங்கள்: விடியும்போது ஏறுங்கள், இறங்கி வந்து கோயிலுக்குப் போங்கள். ஆனால் நடை சாத்துவதற்குள் வந்துவிட வேண்டும்.

நடந்து பழகியவருக்கு ஏற ஒன்றரை மணி நேரம், பழகாதவருக்கு 2 மணிக்கு மேல். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மேலே தர்கா இருக்கிறது. அங்கே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். முழுக்கால் பேண்ட் கட்டாயம், ஊசிப்புல் கெண்டைக்காலைக் கிழித்துவிடும். சுனை ஓரத்தில் பச்சையாகத் தெரியும் பாசிமேல் கால் வைத்தால் எந்தச் செருப்பும் நிற்காது. பாறை இடுக்கில் மலைத்தேனீயின் அடை தொங்கினால் சத்தமில்லாமல் கடந்து போங்கள். அதன் கீழே பீடி, சாம்பிராணி, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. குரங்குகள் கேரிபேக்கைப் பார்த்தாலே பறிக்கும், ஜிப் வைத்த பையே நல்லது.

இறங்கும்போதுதான் முழங்கால் பிடிக்கும். நேராக இறங்காமல் பக்கவாட்டில் காலை வைத்து இறங்குங்கள். ஒரு கம்பு இருந்தால் பாதி பாரம் அதில் போய்விடும்.

கானாடுகாத்தானிலிருந்து

அண்ணே, இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். கண்மாய்க்கரைப் பாதையில் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட இடம் எல்லாம் முள். அது டயரில் ஏறி வெளியே ஒடிந்துபோகும், கண்ணுக்குத் தெரியாது. டியூப்லெஸ் டயர் என்றால் காற்று மெல்லக் கசியும். மாலை நன்றாக வீடு வந்த வண்டி காலையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

சோப்புத் தண்ணீரை டயரில் தெளித்தால் ஓட்டையில் நுரை பொங்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முள் எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் குறடால் இழுங்கள். பிறகு அரம் போலச் சொரசொரப்பான அர ஊசியை அதே சாய்வில் செருகி 5, 6 தடவை ஏற்றி இறக்க வேண்டும். இது கடினமாகத்தான் இருக்கும், பயந்து நிறுத்தினால் ஓட்டையை அடைக்கும் பஞ்சர் திரி உள்ளே போகாது. திரியைக் கண் வைத்த இன்னொரு ஊசியில் பாதி வரை கோத்துப் பசை தடவி அழுத்துங்கள். இரண்டு முனையும் 1 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது ஊசியை வெடுக்கென்று உருவுங்கள். மெதுவாக உருவினால் திரியும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை டயர் மட்டத்துக்கு நறுக்கி, காற்றடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் இது எடுபடாது, ஸ்டெப்னி மாற்றத்தான் வேண்டும்.

நம்ம செம்மண்ணில் ஜாக்கி புதையும். ஒரு அடிக்கு ஒரு அடி, முக்கால் அங்குலப் பலகை ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். முறுக்கும்போது எதிரெதிர் நட்டாக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பள்ளத்தூரிலிருந்து

தம்பி வண்டியைச் சொல்லிவிட்டது, சாப்பாட்டை நான் சொல்கிறேன். இந்த இடங்களில் விடிகாலையில் கடை திறந்திருக்காது. கட்டுச்சோறுதான் சரி.

1 கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய். 8 பேர் சாப்பிடலாம். புளிக்காய்ச்சலை முதல்நாள் இரவே எண்ணெய் மேலே மிதக்கும் வரை காய்ச்சிவிட வேண்டும், தண்ணீர்ப்பதம் நின்றால் மதியத்துக்குள் வாடை அடிக்கும். சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, 2 கரண்டி எண்ணெய் விட்டு நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய சோற்றில்தான் காய்ச்சலைக் கலக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு கட்டினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்துச் சோற்றில் இறங்கும், கெடுவது அங்கேதான் தொடங்குகிறது. வாழை இலையை அனலில் வாட்டிக் கட்டினால் மடிப்பில் கிழியாது.

தொட்டுக்கொள்ள தேங்காய்த் துவையல் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும். மதியத்துக்குப் பருப்பை வறுத்துத் தண்ணீர் குறைத்து அரைத்த துவையல், மோர்மிளகாய். பிள்ளைகளுக்குச் சீப்புச்சீடையும் மாவுருண்டையும். பொட்டலக் காகிதத்தைக் கண்மாயில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், இலையைத் தின்னும் மாடு அதையும் சேர்த்துத் தின்கிறது.

தேவகோட்டையிலிருந்து

ஆச்சி சொன்ன கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு திருவாடானை வழியாகத் தொண்டி போனால் காரைக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல். பாக் நீரிணை ஆழமில்லாதது, நெடுந்தூரம் இடுப்பளவுதான். அடியில் சேறும் கடற்புல்லும் இருக்கும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலால் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும். அந்தக் கடற்புல்லைத்தான் ஆவுளியா என்னும் கடல்பசு மேய்கிறது. இதற்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் அறிவித்தார்கள்.

தொண்டிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சுரபுன்னைக் காட்டுக்குள், அதாவது அலையாத்திக் காட்டுக்குள், படகு விடுகிறார்கள். காற்று எழும்பும் முன், காலையில் போவது நல்லது. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை கடல் கலங்கிப் படகை நிறுத்தவும் செய்வார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும்.

பொன்னமராவதியிலிருந்து

சிறுமலை ஒன்றுதான் விட்டுப்போனது. சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகப் போனால் திண்டுக்கல் ஊருக்குள் நுழையாமலே மலைச்சாலை பிரியும். பெட்ரோலை நத்தத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். 18 கொண்டை ஊசி வளைவு. ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர் பொறுப்பு. இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பத்தாவது வளைவுக்குள் தீய்ந்த வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிப்போகும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், 4 வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள்.

தை மாதம் இந்த வழியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் குன்றக்குடியிலிருந்து காவடிகளும் நடைப்பயணக் கூட்டமும் சிங்கம்புணரி, நத்தம் சாலையில்தான் பழனிக்கு நடக்கும், இரவிலும் நடப்பார்கள். ஹைபீமைத் தணித்து, 30-க்கு மேல் ஓட்டாமல் போங்கள். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்றைக்குக் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் பக்கம் கிளம்பவே வேண்டாம்.