கையொப்பம் இல்லாத பதிவேடு: சாரணர் திருதிய சோபானுக்கு (மூன்றாம் படி) போக முடியுமா?

கேள்வி (காட்பாடி அம்மா)

என் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். சாரணர் இயக்கத்தில் பிரவேஷ் (நுழைவு நிலை), பிரதம சோபான் (முதல் படி) இரண்டையும் முடித்து, துவிதிய சோபானுக்குரிய (இரண்டாம் படி) பயிற்சிகளையும் ஏறக்குறைய செய்துவிட்டான். இதற்கிடையே சாரண ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். செய்த பயிற்சிகளைக் குறிக்கும் பதிவேட்டில் பாதிப் பக்கங்களில் அவருடைய கையொப்பம் இல்லை. பள்ளியில் கேட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது) வரை போக வேண்டும் என்பது அவன் ஆசை. செய்ததையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டியிருக்குமா?

பதில் (ஓய்வு பெற்ற சாரண ஆசிரியர், இராணிப்பேட்டை)

வணக்கம் அம்மா. பழைய ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்க அலைவதைவிட, புதிதாகப் பொறுப்பேற்பவரிடம் பையனை நிறுத்தி, "இவற்றைச் செய்து காட்டுகிறேன், பாருங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். உண்மையாகவே கற்றவனுக்கு அது ஒரு மாலைப் பொழுது வேலைதான். ராஜ்ய புரஸ்கார் முகாமில் தேர்வாளர்கள் கயிற்றைக் கையில் கொடுத்துக் கட்டச் சொல்வார்கள்; அப்போது பதிவேடு துணைக்கு வராது.

பிரதம சோபானிலேயே கற்பிக்கும் ரீஃப் முடிச்சைப் பாருங்கள். வலது முனையை இடதின் மேலும், அடுத்து இடது முனையை வலதின் மேலும் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் பார்ப்பதற்கு அதே முடிச்சைப் போலவே இருக்கும். ஆனால் இழுத்தால் நழுவிவிடும். என் படையில் பலர் இந்த இடத்தில்தான் தவறினார்கள்.

வீட்டிலிருந்து தொடர, உயரத்தை மதிப்பிடும் பயிற்சி நல்லது. ஒரு மீட்டர் கோலை நட்டு அதன் நிழலை அளந்து, அதே நேரத்தில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் நிழலையும் அளக்கட்டும். கோலின் நிழல் 80 செ.மீ., கோபுரத்தின் நிழல் 24 மீட்டர் என்றால் உயரம் 30 மீட்டர். ஆனால் உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி கோபுரத்தின் அடித்தளத்துக்குள் இருக்கிறது. ஆகவே சுவரிலிருந்து அளந்த நீளத்தோடு, நிழல் விழும் திசையில் அடித்தள அகலத்தின் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகக் கணக்கை மட்டும் போட்ட பிள்ளைகளுக்கு இது தோன்றுவதில்லை. தேதி, நேரம், அளவுகள், வரைபடம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைத்தால், பின்னால் கையொப்பமிடுபவருக்கும் தயக்கம் இருக்காது.

பதில் (குடியாத்தம் அப்பா)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சாரணர் நடைப்பயணத்தை ஏப்ரல், மே மாதங்களுக்குத் தள்ளிப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். சமையல் பயிற்சிக்கு என் மகன் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தான். விறகு ஈரமாக இருந்ததால் ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஈர விறகையும் பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

பதில் (காட்பாடி அம்மா)

இருவருக்கும் நன்றி. ரீஃப் முடிச்சை இப்போதே போடச் சொன்னேன், நழுவிவிட்டது. சனிக்கிழமை காலை கோலும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போகிறோம். புதிய ஆசிரியரைத் திங்கட்கிழமை சந்திக்கிறேன்.